லிஸ்ட்டில் பேர் ஏறிய பிறகு

போன வாரம் எனக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது.

எனக்கென்று ஃபேக்ஸ் மெஷின் எல்லாம் கிடையாது. ஆவடி மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து, பூத்காரர் அதை இரண்டு நாள் மேஜை டிராயரில் வைத்திருந்து, அப்புறம் சைக்கிளில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் பாதி எழுத்து வெளுத்துவிட்டது. மிச்சம் இருந்ததைப் படித்தேன்.

‘உங்கள் கமிட்டி உதவிய அமைப்புகளில் ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு வெற்றிக் கதை எழுதி அனுப்பவும். ஒரு பக்கத்துக்கு மிகாமல். போட்டோவுடன்.’

அனுப்பியவர்கள் டெல்லிக்காரர்கள். நான் கமிட்டி மெம்பராக இருக்கும் சின்ன டிரஸ்ட்டுக்குப் பணம் தருகிறவர்கள். கேட்பதில் தப்பே இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. தவிர, அது வெற்றிதானா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். அதனால் டெல்லிக்கு நாலு வரி போட்டுவிட்டு, முழுக் கதையையும் உங்களிடம் சொல்லலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். நான் எவ்வளவு நீட்டினாலும் வாராவாரம் பொறுத்துக்கொள்கிறவர்கள் நீங்கள்தானே?

முதலில் அந்த டிரஸ்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏழைகள், ஒதுக்கப்பட்டவர்கள், பெண்கள் — இவர்கள் எல்லாம் ஊர் நிர்வாகத்தில் பங்கெடுக்க வேண்டும். அதற்காக வேலை செய்யும் உள்ளூர்ச் சங்கங்களுக்கு உதவ வேண்டும். இதுதான் நோக்கம். தலைவர், பெரிய அரசுப் பதவியிலிருந்து ரிட்டயர் ஆனவர். நேர்மையான மனிதர். ஆட்டோவுக்குக்கூட டிரஸ்ட் காசைத் தொடமாட்டார். நான் எப்படி உள்ளே நுழைந்தேன்? பத்தி எழுதுகிறேன், ஆவடியில் குடியிருக்கிறேன், அம்பத்தூர் பூந்தமல்லி பக்கத்திலிருந்து மனு வந்தால் ஓடிப்போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்... அவ்வளவுதான் என் தகுதி!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு மனு வந்தது. கள்ளிக்குப்பம் தாண்டி, ஏரிக்கரை ஓரத்துக் குடிசைகளில் இருக்கும் பெண்கள் சங்கம். மனுவில் மொத்தமே மூன்று வரிதான்.

‘எங்கள் தெருவில் யாருக்கும் ஓட்டு இல்லை. பேர் சேர்க்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு நாள் கூலி தேவை.’

கமிட்டியில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்! இல்லை என்று இப்போது சொன்னால் பொய். தையல் மெஷின் கேட்பார்கள், கறவை மாடு கேட்பார்கள், பால்வாடி கேட்பார்கள். கூலி கேட்டு ஒரு மனுவா?

“ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்களேன்” என்றார் தலைவர்.

போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கி, கல்வீடுகள் இருக்கும் தெருக்களைக் கடந்து, தார் ரோடு முடிந்து, மண் பாதையும் முடிகிற இடத்தில் குடிசைகள் ஆரம்பித்தன. சங்கத் தலைவி தனம் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டட வேலையில் சித்தாள். அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் சித்தாள்கள்தான். மனுவை எழுதிய நூர்ஜஹானும் வந்து சேர்ந்தார். பூந்தமல்லியில் பிறந்தவர். கணவர் விட்டுவிட்டுப் போன பிறகு தையல் மெஷினோடு இங்கே வந்து குடியேறியவர். எட்டாவது வரை படித்திருந்தார். அந்தத் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே பெண்.

“கூலி எதுக்கு?” என்று கேட்டேன்.

“மேடம், லிஸ்ட்டு எழுத வர்ற சாரு பத்து மணிக்கு வர்றாரு” என்றார் தனம். “நாங்க ஆறு மணிக்கே கெளம்பிப் பூடுறோம். வந்து பாத்துட்டு, ஊடு பூட்டிகீதுன்னு எழுதிகினு போயிடறாரு. அவுரு மேல தப்பு சொல்ல முடியாது. பூட்டிகினுதான கீது?”

“எத்தனை வருஷமா?”

“நாங்க வந்து பதினோரு வருசம் ஆவுது. ஒரு தபாகூட எங்க பேரு ஏறல.”

போன மழையில் ஏரி நிரம்பி, குடிசைகளுக்குள் நாலு நாள் தண்ணீர் நின்றதாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அரிசியும் பாயும் கொடுத்தார்களாம். இவர்கள் போய் நின்றபோது ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டார்களாம். கார்டு வாங்கப் போனால், இங்கே குடியிருப்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்களாம். அத்தாட்சி என்ன? ஓட்டர் லிஸ்ட்டில் பேர்!

“எலெக்‌ஷன் டயத்துல ஊரெல்லாம் மைக்கு கத்துது மேடம். எங்க தெருவுக்கு மட்டும் வராது” என்றார் தனம். “பொய்யா ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போறதுக்குக்கூட ஒரு கட்சிக்காரன் வர்ல. அத்த நெனச்சாத்தான் ரொம்ப பேஜாரா கீது.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குவார்ட்டர்ஸில் தேர்தல் வந்தால், மதியத் தூக்கம் கெடுகிறது என்று நாங்கள் அலுத்துக்கொள்வோம். பொய் சொல்லக்கூட ஆள் வராத தெரு ஒன்று ஐந்தாறு கிலோமீட்டரில் இருப்பது எனக்குத் தெரியாது.

திரும்பிப் போய்க் கமிட்டியில் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், “கூலி தர நம்ம விதியில் இடமில்லையே. ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்தலாம். பேனர், மதியச் சாப்பாடு, ஒரு சிறப்பு விருந்தினர்... அதற்குத் தாராளமா ஒதுக்கலாம்” என்றார்.

அதையும் போய்த் தனத்திடம் சொன்னேன். அவர் நூர்ஜஹானைப் பார்த்தார். நூர்ஜஹான் என்னைப் பார்த்தார்.

“விழிப்புணர்வா?” என்றார் தனம். “நாங்க நாலு மணிக்கே முழிச்சிக்கிறோம் மேடம்.”

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் நாங்கள் மூன்று பேரும் சிநேகிதிகள் ஆனோம். ஆனால் அவர் தமாஷுக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு உலை இல்லை. லிஸ்ட் எழுத வருகிறவரை எதிர்கொள்ளத் தினம் ஒருத்தர் வீட்டில் இருக்க வேண்டும். ஆபீசுக்கு அலைய வேண்டும். இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் மூன்று வரியில் எழுதியிருந்தார்கள். எங்களுக்குத்தான் விழிப்புணர்வு தேவைப்பட்டது.

கமிட்டியில் இரண்டு கூட்டம் சண்டை போட்டேன். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. ‘களப்பணியாளர் மதிப்பூதியம்’ என்று ஒரு தலைப்பு விதியிலேயே இருந்தது. கூலி என்றால் முடியாது. மதிப்பூதியம் என்றால் முடியும். அவர்கள் கேட்டது பன்னிரண்டு நாள்; இந்தத் தலைப்பில் கொடுத்தால் ஒரு வருஷத்துக்கு, இரண்டு தவணையாக. நூர்ஜஹான் நிரந்தரக் களப்பணியாளர். மற்ற நாட்களுக்குத் தெருப் பெண்கள் முறை போட்டுக்கொள்வார்கள்.

வேலை ஆரம்பித்தது. முதல் வேலை, கதவு எண். யாரும் தராததால் அவர்களே போட்டுக்கொண்டார்கள். தனத்தின் கணவர் பெயின்டர். மிச்சம் இருந்த நீலப் பெயின்ட்டை எடுத்து, கதவில்லாத வீட்டுக்குத் தென்னந்தட்டியிலும் தகரத்திலும் நம்பர் எழுதிக்கொண்டே போனார்.

அப்புறம் ஃபாரம். நூர்ஜஹான் மெஷின் பலகையை மூடிப்போட்டு அதன் மேல் வைத்து நிரப்பினார். வயது தெரியாதவர்களுக்கு எந்தப் புயலில் யார் பிறந்தது, எந்த எலெக்‌ஷனில் யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்துக் கணக்குப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒல்லியாக ஒரு பெண் வந்து நின்றார்.

“பேரு?” என்றார் நூர்ஜஹான்.

“குமார் அம்மா.”

“அது உங்க புள்ள பேரு. உங்க பேரு?”

அந்தப் பெண் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய அப்பா மட்டும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. மேஸ்திரிக்கு அவர் “ஏய்”. தெருவுக்குக் குமார் அம்மா.

“ருக்குமணி” என்றார் கடைசியில். சொல்லிவிட்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. நூர்ஜஹான் எழுத்துக் கூட்டி எழுதினார்.

ஃபாரங்களை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு தனமும் நூர்ஜஹானும் ஆபீசுக்குப் போனார்கள். மொத்தமாக வாங்க முடியாது, அவரவர் நேரில் வர வேண்டும் என்றார் அங்கிருந்த கிளார்க். அவர் மேலும் எனக்குக் கோபமில்லை. மூட்டை மூட்டையாகப் போலி ஃபாரம் கொண்டுவந்து கொட்டுகிறவர்களைப் பார்த்துச் சலித்தவர். அவர் எதிர்பார்த்தது இரண்டு பேர் சோர்ந்துபோய்த் திரும்புவார்கள் என்று.

மறுநாள் தெருவே கிளம்பி வந்துவிட்டது!

மேஸ்திரிகளிடம் சொல்லிவிட்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தூக்குவாளியில் கஞ்சியோடு, ஆபீஸ் வராந்தா முழுக்க வரிசையாக உட்கார்ந்தார்கள். சத்தம் இல்லை, கோஷம் இல்லை. கிளார்க் வெளியே எட்டிப் பார்த்தார். உள்ளே போனார். மறுபடி எட்டிப் பார்த்தார்.

“அல்லாரும் ஒரே நாளைக்கா வரணும்?” என்றார்.

“நீங்கதான சார் அவங்கவங்க வரணும்னு சொன்னீங்கோ? அவங்கவங்க வந்துகீறோம்” என்றார் தனம்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாயந்திரம் வரைக்கும் வாங்கினார். டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும் இல்லையா? பின்னால் வீடு வீடாக விசாரிக்க வேண்டியிருந்தபோது, அந்த ஆளை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லி ஏற்பாடு செய்ததும் அவர்தான்.

லிஸ்ட்டைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய அன்றைக்கு, ருக்குமணியால் தன் பேரைப் படிக்க முடியாது. நூர்ஜஹான் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தார். ருக்குமணி விரலை எடுக்க ரொம்ப நேரம் ஆனது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை.

இத்தோடு முடித்திருந்தால் டெல்லிக்காரர்கள் கேட்ட ஒரு பக்கக் கதை கிடைத்திருக்கும். வரிசையாக நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். கதை அங்கே முடியவில்லை.

பல வருஷம் நடக்காமல் கிடந்த நகராட்சித் தேர்தல் வந்தது. புதுச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு வார்டு பெண்களுக்கு. கள்ளிக்குப்பம் தாண்டிய அந்த வார்டும் பெண்கள் வார்டு ஆனது. முதல் தடவையாக ஏரிக்கரைத் தெருவுக்கு மைக் வந்தது. லாரி சொந்தமாக வைத்திருக்கும் ஒருவர், தன் மனைவி சரோஜாவை நிறுத்தியிருந்தார். கும்பிட்டுக்கொண்டு வந்தது கணவர். நோட்டீஸில் போட்டோவும் கணவருடையதுதான் பெரிசு. மனைவி ஓரத்தில் ஸ்டாம்ப் சைஸில்.

அவர் போன பிறகு தனம் சொன்னாராம்: “பொம்பளைக்குன்னு குட்த்த சீட்டுல ஆம்பள வந்து ஓட்டு கேட்டுகினு போறாரு. அப்ப நானே நின்னா இன்னா?”

அவருடைய கணவர், “நின்னா ஒக்கார உட மாட்டானுங்கோ. யோசிச்சுக்க” என்றாராம். அவ்வளவுதான் எதிர்ப்பு. மறுநாளே வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட ஆள் தேடப் போய்விட்டார்.

எனக்கு ஒரே சந்தோஷம். கமிட்டியில் பெருமையாகச் சொன்னேன். தலைவர் முகம் மாறிவிட்டது.

“நாம் உதவுகிற சங்கத்தின் தலைவி தேர்தலில் நிற்கிறாரா? நாளைக்கு யாராவது ஒரு பெட்டிஷன் போட்டால் டிரஸ்ட் பதிவே போய்விடும். அரசியலுக்குப் பணம் தரக் கூடாது. இது நம்ம விதி மட்டும் இல்லை, சட்டம்.”

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் சங்கடம். மூன்று பேர் அவர் பக்கம் தலையாட்டினார்கள். நான்? நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ‘பணத்தைத் தேர்தலுக்குத் தொடக் கூடாது’ என்பது வேறு, ‘பணம் வாங்கும் சங்கத்து ஆள் நிற்கவே கூடாது’ என்பது வேறு என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது வீட்டுக்கு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. என் புத்தி எப்போதும் கடைசி பஸ்ஸில்தான் வரும்.

ஆக, ஒரு கடிதம் தயாரானது. தனம் வேட்புமனுவை வாபஸ் வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டாவது தவணை நிறுத்தப்படும். தமிழ் நன்றாக வரும் என்று அதை எழுதும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். எழுதினேன். ‘வருத்தத்துடன்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். அந்தத் தைரியம் மட்டும் இருந்தது.

கடிதத்தை நானே கொண்டுபோனேன். பெண்கள் வேலை முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு கூடியிருந்தார்கள். நூர்ஜஹான் உரக்கப் படித்தார். ‘வருத்தத்துடன்’ என்ற இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். படித்து முடித்ததும் எல்லோர் பார்வையும் அவர் பக்கமே போனது. பணம் நின்றால் முதலில் அடிபடுவது நூர்ஜஹான்தான். அந்த மதிப்பூதியத்தை நம்பித்தான் தையல் வேலையைக் குறைத்திருந்தார். அது எல்லோருக்கும் தெரியும்.

ருக்குமணிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“மேடம், லிஸ்ட்ல ஏறுன எங்க பேர எடுத்துருவாங்களா?”

“சேச்சே! அது உங்க பேரு. டிரஸ்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.”

“அப்ப இன்னாத்துக்கு அல்லாரும் மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறீங்க?” என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். தனம் சங்கத்திலிருந்து விலகியதாக ஒரு காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். பணமும் வரும், தேர்தலிலும் நிற்கலாம். கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டதாக ஒரு நினைப்பு எனக்கு.

“பேப்பர்ல எழுதலாம் மேடம்” என்றார் நூர்ஜஹான் நிதானமாக. “ஆனா ஓட்டு கேட்டுப் போகப்போறது நாங்க எல்லாரும்தானே? சங்கம் வேற, நாங்க வேறன்னு பொய் சொல்லி அந்தக் காசு எனக்கு வேணாம். மெஷின் இருக்கு. தீபாவளி வருது. ஜாக்கெட் தைச்சுப் பொழச்சுக்குவேன்.”

தனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் கலங்கவில்லை.

“மேடம், ஓட்டுப் போடறதுக்கு வழி பண்ணீங்கோ. அந்த நன்றி சாவுற வரைக்கும் மறக்க மாட்டோம். ஆனா ஓட்டுப் போடறது மட்டும்தான் எங்க வேல, ஓட்டு வாங்கறது வேற யாரோ வேலன்னு ஏன் நெனைக்கிறீங்கோ?”

இதற்குப் பதில்? உங்களிடம் இருக்கிறதா?

இரண்டாவது தவணை வேண்டாம் என்று அங்கேயே எழுதினார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் கைநாட்டு. ருக்குமணி மட்டும் பேனாவை வாங்கி, நூர்ஜஹான் கற்றுக்கொடுத்திருந்தபடி தன் பேரை எழுதினார். ‘ரு’வுக்கும் ‘ணி’க்கும் நடுவில் ஒரு எழுத்து குறைந்தது. யாரும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது டிரஸ்ட்டுக்குச் சம்பந்தமில்லாதது. நான் வெறும் வேடிக்கை பார்த்தவள்.

தனத்துக்குக் கிடைத்த சின்னம் மேஜை விளக்கு. கரண்டே இல்லாத தெருவுக்கு மேஜை விளக்கு! பகலில் வேலை, ஓட்டு கேட்க விடிகாலையும் சாயந்திரமும்தான் நேரம். ஏரிக்கரை ஓட்டு மட்டும் பத்தாது. கல்வீட்டுத் தெருக்களுக்குப் போக வேண்டும். ஒரு சாயந்திரம் அவர்களோடு நானும் நடந்தேன். சில கேட்டுகள் திறக்கவே இல்லை. ஒரு மாடி வீட்டம்மா மட்டும் வெளியே வந்து, கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, “ஏரிக்கரை ஆளுங்களா? உங்களுக்கு என்ன தெரியும் நகராட்சியைப் பத்தி?” என்றார்.

தனம் அண்ணாந்து மாடியைப் பார்த்தார்.

“மொட்ட மாடி ஒழுகுதாம்மா?”

“இல்லையே... ஏன்?”

“ஒழுகாது. அந்தத் தளம் போட்டப்ப ஜல்லி தூக்குனது நாந்தான். ராத்திரி எட்டு மணி வரைக்கும் தூக்குனேன். நடுவுல வேலைய நிறுத்துனா வெடிப்பு வுழும்னு மேஸ்திரி சொன்னாரு, நாங்க நிறுத்தல. இந்தத் தெருவுல பாதி ஊடு எங்க தலைல ஏறித்தான் வந்துது. நகராட்சி எனக்குத் தெரியாதும்மா. எந்த வேலைய நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு தெரியும்.”

வீட்டம்மாவும் அண்ணாந்து மாடியைப் பார்த்தார். கேட்டைத் திறந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார் என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. ஒரு நோட்டீஸை வாங்கிக்கொண்டு, “யோசிக்கிறேன்” என்றார். அவ்வளவுதான்.

ஓட்டுப் போடும் நாள். நான் ஆவடியில் என் ஓட்டைப் போட்டுவிட்டு பஸ் பிடித்து ஓடினேன். பூத் திறப்பதற்கு முன்னாலேயே ஏரிக்கரைப் பெண்கள் வரிசையில் முதலில் நின்றார்களாம். துவைத்த புடவை, தலையில் பூ. நான் போனபோது ருக்குமணி உள்ளே இருந்தார். ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு கட்சி ஏஜென்ட், “இந்தம்மா யாரு? நான் பார்த்ததே இல்லையே, கள்ள ஓட்டு” என்று ஆட்சேபித்தார். அதிகாரி பேரைக் கேட்டார்.

“ருக்குமணி!” என்று வந்த சத்தம் வெளியே வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. “ஊட்டுக்காரர் பேரு ஆறுமுகம். கதவு நம்பர் இருவத்தி ரெண்டு. பள்ளிக்கூடச் செவுத்துல ஒட்டுனாங்கல்ல, போய்ப் பாரு நைனா.”

லிஸ்ட்டைப் புரட்டிப் பார்த்து, விரலில் மை வைத்துச் சீட்டுக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அந்த விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஈரம் காயட்டும் என்றார்.

தனம் தோற்றுப்போனார். மூன்றாவது இடம். லாரிக்காரர் மனைவி சரோஜா நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஆனால் ஒன்று. தனத்துக்கு விழுந்த ஓட்டு, ஏரிக்கரையில் இருந்த மொத்த ஓட்டைவிட அதிகம். நூர்ஜஹான் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டார். ஆக, கல்வீட்டுத் தெருக்களில் யாரோ சிலர் யோசித்திருக்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது எனக்கு உறைத்ததை, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தாமதமாகச் சொன்னேன். அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது என்றும் சொன்னேன். ‘ஜனங்கள் பங்கெடுக்க வேண்டும் என்று பணம் கொடுக்கிறோம், நிஜமாகவே பங்கெடுத்தால் பதறிப் பணத்தை நிறுத்துகிறோம்’ என்றேன். தலைவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அப்புறம் ஒரு வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்டார். அடுத்த மாதம் விதிப் புத்தகத்தில் அவர் கையாலேயே ஒரு வரி ஏறியது: உதவித்தொகையைத் தேர்தலுக்குச் செலவிடக் கூடாது, ஆனால் உதவி பெறும் சங்கத்தின் உறுப்பினர்கள் போட்டியிடத் தடையில்லை. இந்த விஷயத்தில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். அதுவும் ஏரிக்கரைப் பெண்களுக்கு உதவவில்லை. இனி வரும் சங்கங்களுக்கு உதவும்.

தேர்தல் முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஜெயித்த கவுன்சிலரின் கணவர் நன்றி சொல்ல ஏரிக்கரைக்கு வந்தார். கூடவே நாலைந்து ஆட்கள். தண்ணீர்க் குழாய் போட்டுத் தருகிறேன், என்னிடம் மனுக் கொடுங்கள் என்றார். தனம் முன்னால் வந்து நின்றார்.

“கவுன்சிலர் எங்க சார்?”

“நான்தானம்மா... அவங்க ஊட்ல இருக்காங்க. எல்லாம் நான் பாத்துக்குவேன்.”

“நாங்க உங்க ஊட்டம்மாவுக்கு ஓட்டுப் போடல. நெசத்த சொல்லிடறேன். ஆனா இந்த வார்டுக்கு கவுன்சிலர் அவங்கதான். மனு அவங்க கைலதான் குடுப்போம். இட்டுகினு வாங்க.”

அவர் முறைத்தார். கூட வந்தவர்களில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எதிரே நின்ற பெண்கள் அசையவில்லை. அன்றைக்கு மனு இல்லாமலே திரும்பிப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரோஜா வந்தார். கணவரும் வந்தார்; பாதைச் சேற்றுக்குப் பயந்து ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சரோஜா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். நான் பார்த்தேன். நல்ல பட்டுப் புடவை, பயந்த முகம். ஓட்டு கேட்கக்கூட அவர் வெளியே வந்ததில்லை. ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும், குழாய் எதுவரை வந்து நிற்கிறது, எல்லாவற்றையும் தனம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். நூர்ஜஹான் மனுவைக் கொடுத்தார். சரோஜா வாங்கிப் படித்தார். பத்தாவது பாஸ் செய்தவர் என்பது அன்றைக்குத்தான் அந்த வார்டுக்கே தெரிந்தது.

ஜீப்பிலிருந்து ஹாரன் அடித்தது. சரோஜா திரும்பிப் பார்த்தார். ஆனால் கிளம்பவில்லை. தனத்தின் பக்கம் குனிந்து, மெதுவாக,

“வர்ற வாரம் முதல் கூட்டம். அவரு உள்ள வர முடியாதாம். எனக்குப் பேசிப் பழக்கமே இல்லீங்க. எந்திரிச்சு நின்னு என்னா சொல்லணும்?” என்று கேட்டார்.

தனம் தன் குடிசை வாசலில் கிடந்த பலகையைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டார்.

“முதல்ல ஒக்காருங்கோ. மொதோ வார்த்தையா உங்க பேர சொல்லுங்கோ. சத்தமா. மீதிய நா சொல்றேன்.”

ஹாரன் மறுபடி அடித்தது. இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜெயித்தவருக்குப் பதவிக்காலம் ஐந்து வருஷம். தோற்றவருக்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது!